குடிலுக்குப் பின்னால் கிடந்த மண்

யோகலிங்கத்தின் வீட்டுக்கு யாராவது வருவதாக இருந்தால், வருகிறவர் யார் என்று அவர் கேட்பதில்லை. எவ்வளவு நேரம் இருப்பார், எந்தெந்த அறைக்குள் போவார் என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும். அதற்கேற்றபடி துடைப்பார். செருப்புகளை வரிசைப்படுத்துவார். குளியலறைத் துவாயை மாற்றுவார். ஜன்னலோரக் கறிவேப்பிலைச் சாடியை, பழுத்த இலை தெரியாதபடி சுவர்ப்பக்கம் திருப்பி வைப்பார்.

"வாறது உங்கட தங்கச்சியின்ர மகன். ஜெர்மன் சான்சலரே வாறார்?" என்று மனைவி கலாதேவி நக்கலடிப்பாள்.

இந்தப் பழக்கம் எங்கே பிடித்தது என்று அவருக்குத் தெரியும். கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்திறங்கி, ரயிலேறி மேற்கு பெர்லினுக்குள் கடந்து, அங்கிருந்து ரூர் சுரங்கப் பிரதேசத்து அகதி முகாம் ஒன்றுக்கு அனுப்பப்பட்டபோது அவருக்கு மீசைகூடச் சரியாக அரும்பியிருக்கவில்லை. அறைக்குள் சமைக்கக் கூடாது என்பது அங்கே சட்டம். நாலு பேர் படுத்த அந்த அறையில் ஒரு மின்னடுப்பு இருந்தது. பொறுப்பாளர் வருகிறார் என்று வெளியே யாராவது இருமிக் காட்டினால், அடுப்பைக் கட்டிலுக்கடியில் தள்ளிப் போர்வையை இழுத்துவிட்டு ஜன்னலைத் திறப்பது யோகலிங்கத்தின் வேலை. பொறுப்பாளர் மூக்கைச் சுருக்கியபடி வாசலில் நிற்பார். பளபளக்கும் மேசையைப் பார்ப்பார். போய்விடுவார். கட்டிலுக்கடியில் சூடாறாத அடுப்பு டிக், டிக் என்று சுருங்கிக்கொண்டிருக்கும். அரசாங்கம் குனிந்து பார்க்காது என்று யோகலிங்கம் அன்று விளங்கிக்கொண்டார்.

அதன்பிறகு ஒரு வாழ்க்கை நடந்தது. டோர்ட்மண்ட் உணவகமொன்றில் கோப்பை கழுவினார். பிறகு வாகன உதிரிப்பாகக் கிடங்கு. கலாதேவி வந்தாள். பிள்ளைகள் வரவில்லை. அதைப் பற்றி இருவரும் பேசாமலிருக்கப் பழகியபோது, நகரத்தின் ஓரத்தில், வரிசை வரிசையாக வேலியிட்ட தோட்டக் காலனியில் ஒரு துண்டு நிலம் குத்தகைக்குக் கிடைத்தது. ஒரு மரக்குடில், ஒரு மழைநீர்ப் பீப்பாய், நடுவில் நடைபாதை.

முதல் நாள் மண்வெட்டியை இறக்கியபோது மண் கறுப்பாக வந்தது. தோண்டத் தோண்டக் கறுப்பு. கலாதேவி குந்தியிருந்து ஒரு பிடி அள்ளினாள்.

"இஞ்சேருங்கோ, என்ன வடிவான மண்! எருவே தேவையில்லை."

பக்கத்துத் துண்டுக்காரர் நோவாக் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துச் சிரித்தார். அவருடைய தகப்பன் வேலை செய்த கரிச்சூளை இந்த இடத்தில்தான் இருந்ததாம். சூளையை இடித்தபிறகு, மேலே ஒரு படை மண் போட்டுத் தோட்டமாக்கிவிட்டார்கள். அதற்கும் கீழே பழைய சுரங்கங்கள்.

"கீழே எல்லாம் ஓட்டை, யோகி. இரவு பகலாகப் பம்பு தண்ணீரை இறைத்துக்கொண்டே இருக்கிறது. நிறுத்தினால் நீயும் நானும் குளத்தில்தான் தக்காளி நடவேண்டும்."

யோகலிங்கம் சிரித்தார். ஆனால் அதன்பிறகு தோட்டத்தில் தனியாக இருக்கும்போது சில வேளை அசையாமல் நின்று காது கொடுப்பார். பம்பு எங்கேயோ தொலைவில் இருந்தது. ஒன்றும் கேட்காது. கேட்காத ஒன்று நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதுதான் மனதில் தங்கியது.

கலாதேவி தண்டுக்கீரை போட்டாள். சிவப்புத் தண்டு, அகன்ற இலை. கோடையில் அவளுடைய தலை தெரியாத உயரத்துக்கு வளரும். கீரைக்குள் குந்தியிருந்து, நடைபாதைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வேலை செய்வாள். கூப்பிட்டால் திரும்பமாட்டாள், "என்ன?" என்று முதுகு கேட்கும். சீனி வியாதி என்று தெரிந்தபிறகு கீரை இன்னும் கூடியது. மருத்துவரே இலைகுழை சாப்பிடச் சொன்னார். கோடையில் ஒவ்வொரு நாளும் கீரை. மாரிக்கு அவித்து உறைய வைத்த கீரை. யோகலிங்கத்துக்குக் கீரையைக் கண்டாலே பிடிக்காது. ஒரு கரண்டி போட்டுக்கொண்டு ஒதுக்கிவிடுவார். முழுவதும் அவளுக்குத்தான்.

பிறகு சிறுநீரகம் பழுதாகி, டயாலிசிஸ். அப்போது கீரையைக் குறைக்கச் சொன்னார்கள். அவள் கீரை வேண்டுமென்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அவரும் அவித்து, தண்ணீரை ஊற்றி, மறுபடி அவித்துக் கொஞ்சமாகக் கொடுத்தார். ஒரு தை மாதம் ஆஸ்பத்திரியில் காலமானாள். சீனியால் வந்தது என்றார்கள். ஏனென்று கேட்க யோகலிங்கத்துக்குத் தோன்றவில்லை. சீனி என்ற சொல்லே போதுமானதாக இருந்தது.

அந்தச் சொல்லில் விரிசல் விழுந்தது காலனியின் அறிவித்தல் பலகை முன்னால்தான். நீலக் கொடியில் மஞ்சள் நட்சத்திர வட்டம். பழைய தொழில்நிலங்களில் இருக்கும் நகரத் தோட்டங்களின் மண்ணையும் நிலத்தடி நீரையும் பரிசோதிக்கும் ஆய்வு. ஐரோப்பிய ஒன்றியத்தின் பணம், ஐந்து நாடுகள். ஈயம், கட்மியம் என்று சில பெயர்கள். அவை சேரும் இடங்களாக ஒரு மனித உருவம் வரைந்து, எலும்பையும் சிறுநீரகத்தையும் சிவப்பாகக் காட்டியிருந்தார்கள்.

யோகலிங்கம் அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்தார்.

ஆய்வுக் குழுவிலிருந்து தொலைபேசி எடுத்தது ஒரு தமிழ்ப் பிள்ளை. பெயர் கம்சனா. பான் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு அங்கேயே ஆய்வு செய்கிறாள்.

"அங்கிள், உங்களுக்கு எந்தக் கிழமை வசதி? ஒரு டெர்மின், நாளும் நேரமும் குறிச்சுத் தாங்கோ. ஒவ்வொரு தோட்டத்திலயும் ஒரு பாத்தி, நீங்கள் கனக்கப் பிடுங்கிச் சாப்பிடுற பாத்தியில மட்டும் எடுப்பம்."

"சித்திரைக்கு முதல் வராதேங்கோ பிள்ளை. தோட்டம் இப்ப வடிவா இல்லை."

"வடிவு தேவையில்லை அங்கிள், மண்தானே வேணும்!"

அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

அடுத்த வாரங்களில் என்ன செய்தார் என்பதை அவரால் கோர்வையாகச் சொல்லமுடியும். ஏன் செய்தார் என்பதைத்தான் முடியவில்லை. முதலில் பாத்தியில் களை பிடுங்கினார். மண்ணுக்குள் கரிக்கட்டிகள் கிடந்தன, அவற்றைப் பொறுக்கினார். பொறுக்கப் பொறுக்க இன்னும் வந்தன. படித்த பிள்ளையள் வந்து பார்க்கும்போது இப்படியா கிடப்பது என்று ஒரு கூச்சம். மேல்மண்ணை வழித்தார். அதன் கீழும் அப்படித்தான். கடைசியில் முழங்கால் ஆழத்துக்குத் தோண்டி, அத்தனை மண்ணையும் தள்ளுவண்டியில் ஏற்றிக் குடிலுக்குப் பின்னால், நடைபாதையிலிருந்து தெரியாத மூலையில் கொட்டினார். கடையில் மூட்டை மூட்டையாக மண் வாங்கி வந்து பாத்தியை நிரப்பி, கையால் தடவிச் சமப்படுத்தினார். முதுகு பிடித்துக்கொண்டது. பாத்தி, கேக் போல இருந்தது.

கம்சனா ஒரு ஜெர்மன் பையனுடன் வந்தாள். யோகலிங்கம் தேத்தண்ணியும் வடையும் வைத்திருந்தார். அவள் ஓர் இரும்புக் குழாயைப் பாத்திக்குள் அடித்து இறக்கி, திருகி, மேலே இழுத்தாள். குழாயின் பிளவில் மண் ஒரே பழுப்பாக வந்தது.

"நல்லாப் பராமரிக்கிறியள் அங்கிள்," என்று சொல்லிக் குழாயைத் துடைத்தாள்.

அப்போது சொல்லியிருக்கலாம். வடை ஆறுகிறது என்றுதான் சொன்னார்.

ஆனி மாதம் காலனி மண்டபத்தில் முடிவைக் காட்டினார்கள். திரையில் காலனியின் வரைபடம். சிவப்பு, செம்மஞ்சள், சிவப்பு. நோவாக்கின் துண்டு நல்ல சிவப்பு. நடுவில் ஒரே ஒரு பச்சைக் கட்டம். எல்லோரும் திரும்பி யோகலிங்கத்தைப் பார்த்தார்கள்.

"யோகி!" என்று நோவாக் கத்தினார். "எனக்கு விஷம், உனக்கு வைகுண்டமா? வேலியைத் தாண்டிக் குடிவரப் போகிறேன்!"

மண்டபம் சிரித்தது. தங்கையின் மகன் கார்த்திகன் அவர் தோளைத் தட்டினான். அவன் மனைவி சுபானிக்கு வயிறு வெளியே தெரியத் தொடங்கியிருந்தது.

"மாமியின்ர கைராசி," என்றாள் சுபானி. "இந்த வருசம் எனக்குக் கீரை இஞ்சதான்."

யோகலிங்கம் பச்சைக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இடது பக்கம் சிவப்பு, வலது பக்கம் சிவப்பு. தன் பாத்திக்கு அடியில் மட்டும் நஞ்சு வழிவிட்டு ஒதுங்கிப் போயிருக்குமா? இல்லை. அந்தக் கட்டத்தின் உண்மையான நிறம் அவருக்குத் தெரிந்துவிட்டது. அதைத் தெரிந்துகொண்டவர் அந்த மண்டபத்தில் அவர் ஒருவர்தான்.

அன்றிலிருந்து கலாதேவி இடம் மாறினாள்.

அவள் போனபிறகும் அவளைப் பாத்திக்குள் உணர்வது அவருக்குப் பழகிப்போன விஷயம். பயமில்லை. நடைபாதையில் வரும்போது கண்ணோரத்தில் ஒரு குந்திய முதுகு, அவ்வளவுதான். இப்போது பாத்தியில் யாருமில்லை. கடைமண்ணில் நட்ட கத்தரி அடக்கமாக நின்றது. முதுகு குடிலுக்குப் பின்னால் போயிருந்தது. கொட்டிய மண்குவியலில், யாரும் விதைக்காமலே, அவள் காலத்து விதைகள் விழித்துக்கொண்டிருந்தன. தண்டுக்கீரை, செக்கச்செவேலென்று, இடுப்புயரத்துக்கு. அந்தப் பக்கம் பார்த்தால் கீரை. பார்க்காவிட்டால் அவள்.

அவர் பார்க்காமலும் இருக்கப் பழகினார், பார்த்துக்கொண்டே இருக்கவும் பழகினார். இரண்டும் முடியாதபோது தோட்டத்துக்குப் போவதைக் குறைத்தார். வீட்டில், அடுப்பில் தண்ணீர் கொதிக்கும்போது ஊற்றிவிட்டு மறுபடி வைக்கத் தோன்றும். அவித்து, ஊற்றி, அவித்து. எவ்வளவு கவனமாகக் கொடுத்தார்!

கம்சனா மறுபடி தொலைபேசி எடுத்தாள். குரலில் உற்சாகம்.

"அங்கிள், உங்கட ரிசல்ட் பெரிய கதையாப் போச்சு. ஐஞ்சு நாட்டுக்காரரும் கேக்கினம், இந்த ஒரு துண்டு மட்டும் எப்பிடிச் சுத்தமெண்டு. தண்டுக்கீரைதான் வருசக்கணக்கா ஈயத்தை உறிஞ்சி எடுத்திட்டுதோ எண்டு ஒரு யோசனை. அப்பிடியெண்டா மற்ற இடங்களிலயும் நட்டுப் பாக்கலாம். நீங்கள் மண்ணுக்கு ஏதாவது போட்டனீங்களோ?"

"மாட்டெரு," என்றார் யோகலிங்கம்.

"எருவோ? எவ்வளவு காலமா?"

"கனகாலம்."

தொலைபேசியை வைத்தபிறகும் அந்தச் சொல் வாயிலேயே இருந்தது. ஈயத்தை உறிஞ்சி எடுத்த கீரை எங்கே போனது என்று அந்தப் பிள்ளை யோசிக்கவில்லை. அவர் யோசித்தார்.

ஆடி மாதத்தில் ஒரு மத்தியானம் சுபானி அழைத்தாள். பின்னால் ஏதோ தாளிக்கும் சத்தம்.

"மாமா, கோவிக்காதேங்கோ. உங்கட தோட்டத்துப் பூட்டுத் திறப்பு இவரிட்டை இருந்தது. போய்க் கீரை பிடுங்கிக்கொண்டு வந்திட்டன்."

"பாத்தியில கீரை இல்லையே பிள்ளை."

"பாத்தியில இல்லை, குடிலுக்குப் பின்னால! அவ்வளவு வடிவான கீரை, ஒளிச்சு வைச்ச மாதிரி. ஆருக்கு மாமா ஒளிச்சனீங்கள்? ஒரு கட்டு அள்ளிக்கொண்டு வந்தனான். நாளைக்கும் போவம் எண்டு நினைக்கிறன்."

யோகலிங்கம் எழுந்து நின்றார்.

"அடுப்பில வைச்சிட்டியோ?"

"பால் விட்டு இறக்கப் போறன்."

"சாப்பிட்டியோ?"

"உப்புப் பாக்கவும் இல்லை. ஏன்?"

"கொட்டு."

"என்ன?"

"கொட்டம்மா. சட்டியோட கொட்டு. கையைக் கழுவு."

மறுமுனையில் தாளிக்கும் சத்தம் நின்றது. அடுப்பை அணைத்திருக்க வேண்டும்.

"மாமா, உங்கட தோட்டம் பச்சையெல்லோ?"

"அவையள் பாத்தது கடையில வாங்கின மண். நான் மாத்தினனான். அவையள் வர முதல். பழைய மண்தான் பின்னால கிடக்கு. நீ பிடுங்கினது அதில முளைச்சது."

சுபானியின் மூச்சு கேட்டது. ஏசப் போகிறாள் என்று யோகலிங்கம் காத்திருந்தார். ஏசினால் நன்றாயிருக்கும்.

"அப்ப மாமி?" என்றாள் அவள் மெல்ல. "மாமி ஒவ்வொரு நாளும் அதைத்தானே..."

பல மாதங்களாக அவருடைய தலைக்குள் நடந்துகொண்டிருந்த வாக்கியம் அது. இன்னொருவர் வாயிலிருந்து வந்தபோது அது மிகச் சின்னதாக இருந்தது. முடிக்கப்படவும் இல்லை.

"ஓம்," என்றார். "அதைத்தான்."

வைத்துவிட்டு, கம்சனாவின் இலக்கத்தைத் தேடினார்.

அவள் அந்த வாரமே வந்தாள், தனியாக. இந்த முறை வடை இல்லை. குடில் வாசலில் செருப்புகள் கிடந்தபடி கிடந்தன. யோகலிங்கம் அவளை நேரே குடிலுக்குப் பின்னால் கூட்டிப்போய்க் குவியலைக் காட்டினார். நடந்ததைச் சொன்னார். சொல்லி முடிக்கும்வரை அவள் கீரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். முகம் சிவந்திருந்தது.

"அங்கிள், உங்கட தோட்டத்தை நான்தான் மீட்டிங்கில எழும்பி நிண்டு காட்டினனான். எங்கட ஆக்களின்ர தோட்டம் எண்டு பெருமையாச் சொன்னனான்." கையிலிருந்த இரும்புக் குழாயை நிலத்தில் வைத்தாள். "இது எல்லாருக்கும் திறந்த வரைபடம். பொதுக்காசில செய்யிறது. போலந்தில ஒரு மனிசி உங்கட பச்சையைப் பாத்திட்டுக் கீரை நட்டுச் சாப்பிட்டா?"

"பிழைதான் பிள்ளை."

"ஏன் செய்தனீங்கள்? வெக்கத்திலயோ?"

"அப்பிடித்தான் நினைச்சன்."

"பேந்து?"

"பேந்து... தெரியேல்லை. சுத்தமெண்டு ஆராவது சொல்ல வேணும் போல கிடந்தது. சொன்னதும் அது போதாமல் போச்சு."

கம்சனா இரும்புக் குழாயை எடுத்தாள். குவியலுக்குள் அது இறங்கும்போது கரகரவென்று சத்தம் போட்டது. கரிக்கட்டிகளில் உரசும் சத்தம். வெளியே இழுத்தபோது பிளவில் கறுப்பு மண். ஒரு காலத்தில் கலாதேவி உள்ளங்கையில் ஏந்திப் பார்த்த அதே கறுப்பு.

"இதைப் பாத்தா," என்று யோகலிங்கம் கேட்டார், "அவவுக்கு என்னால வந்ததெண்டு சொல்லேலுமோ?"

"இல்லை அங்கிள்."

"ஒண்டும் சொல்லேலாதோ?"

"மண்ணுக்குள்ள என்ன கிடக்கு எண்டு சொல்லுவன். அவ்வளவுதான். அன்ரிக்குச் சீனியும் இருந்தது. இது கூட்டிச்சுதோ, இல்லையோ, இனி ஆராலையும் சொல்ல ஏலாது. நான் பொய் சொல்லமாட்டன்." சற்று நின்று, "வேண்டாமெண்டா இதை எடுக்காமல் விடலாம். உங்கட துண்டை வரைபடத்தில இருந்து வெறுமையாக்கி விடுவன். ஒருத்தரும் ஏனெண்டு கேக்காயினம்," என்றாள்.

நல்ல வழிதான். வெறுமையான கட்டம். மேலே ஒரு போர்வை. யோகலிங்கம் மண் நிறைந்த குழாயைப் பார்த்தார். எங்கோ கேட்காத ஆழத்தில் பம்பு ஓடிக்கொண்டிருந்தது.

"எடுங்கோ," என்றார். மண் மாதிரிப் பையின் வாயை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தார்.

முடிவு வந்தது. நோவாக்கின் மண்ணில் இருந்ததைவிட ஈயம் கொஞ்சம் கூட. வரைபடத்தில் பச்சைக் கட்டம் சிவப்பானது. நோவாக் பலகையைப் பார்த்துவிட்டு வேலியருகே வந்து நின்றார். ஏதோ பகிடி சொல்ல வாயெடுத்தவர், யோகலிங்கத்தின் முகத்தைக் கண்டு தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார்.

"என் அப்பாவின் குப்பை, யோகி," என்றார். "உன்னுடையது இல்லை."

யோகலிங்கம் தலையாட்டினார். அது ஆறுதலாகத்தான் சொல்லப்பட்டது. ஆறுதலாகத்தான் வாங்கிக்கொண்டார். அது மனதுக்குள் போகவில்லை.

சுபானி சில நாள் பேசாமலிருந்தாள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருவதாகச் சொன்னாள். யோகலிங்கம் துடைப்பத்தைக் கையிலெடுத்துவிட்டுத் திரும்ப வைத்தார். கறிவேப்பிலைச் சாடி பழுத்த இலையை அறைக்குள் காட்டிக்கொண்டு நின்றது. சுபானி வந்ததும் அதைத்தான் முதலில் பார்த்தாள். பழுப்பைக் கிள்ளிப் போட்டாள். அந்தக் கோடையில் அவர் செய்த பிழைக்கு அவள் கொடுத்த தண்டனையும் மன்னிப்பும் அவ்வளவுதான்.

ஆவணி கடைசியில் நகரசபை ஆட்கள் குவியலை அள்ள வருவதாக அறிவித்தார்கள். அதற்கு முதல்நாள் பின்னேரம் யோகலிங்கம் கையுறை போட்டுக்கொண்டு போய்க் கீரையை ஒவ்வொரு தண்டாகப் பிடுங்கினார். விதை முற்றியிருந்தது. தொட்ட இடமெல்லாம் கறுப்பு மணிகள் உதிர்ந்து மண்ணுக்குள் ஒளிந்தன. எல்லாவற்றையும் பையில் கட்டிவிட்டு, குவியலை ஒரு கறுத்த பிளாஸ்டிக் படங்கால் மூடி, நாலு மூலையிலும் கல் வைத்தார்.

பிறகு நிமிர்ந்து அந்தப் பக்கத்தை நேராகப் பார்த்தார். கீரை இல்லை. பார்ப்பதற்கு வேறொன்றும் இல்லை.

ஆனாலும் அவள் இருந்தாள். படங்கின் ஓரத்தில் குந்தியபடி, முதுகைக் காட்டிக்கொண்டு.

"கலா," என்று கூப்பிட்டார்.

முதுகு "என்ன?" என்று கேட்கவில்லை. அவர் பீப்பாயடிக்குப் போய்க் கையுறையைக் கழற்றிக் கையைக் கழுவினார். மறுபடி கழுவினார். பின்பு திரும்பி வந்து, அவளுக்குக் கொஞ்சம் தள்ளி, நிலத்தில் உட்கார்ந்துகொண்டார்.